தண்டாலும் மூட்டோம்பலும்

கல்லூரி விழா மலர்களைப் புரட்டுவோர் அவற்றிற் காணும் கட்டுரைகள் பெரும்பாலும் மூவகையின. அதிபர்களின் பெருந்தொண்டினைக் கூறுவன ஒருவகை. பரீட்சைச் சித்திகளையும் மைதான வெற்றிகளையும் எடுத்தோதுவன இன்னொருவகை. விடுதி நாட்களை நினைந்து மகிழ்வன மூன்றாம் வகை. இவற்றை எழுத வல்லார் எம்முட் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. தரையிற் கைகளை ஊன்றி உடலைத் தாழ்த்தி உயர்த்துகின்ற தண்டால் என்னும் பயிற்சியைச் செவ்வையாகச் செய்வது எங்ஙனம், அதனைச் செய்யுங்கால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்னும் மூட்டுக்களைக் காப்பது எங்ஙனம் என்பனவே அது. விழா மலரில் இதற்கும் இடமுண்டோ என்று சிலர் வினவக்கூடும். கல்லூரியிற் கற்ற கேத்திர கணிதத்தை நாம் மறந்து நெடுநாளாயிற்று. அங்கு கற்ற தண்டாலை மட்டும் அறுபது வயதைக் கடந்த பின்னரும் கைவிடவில்லை. அக்கடன் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் பிறந்து வளர்ந்தது வட்டகொடையை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தலவாக்கலையை விட்டு நானுஓயாவை நோக்கி ஏறுகின்ற புகைவண்டி முதலில் நிற்கும் நிலையம் வட்டகொடை. அதற்கு அடுத்தது கிரேட் வெஸ்டர்ன். கடல் மட்டத்தினின்று நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட இவ்விடத்திற் காலைப் பனி கலைவதற்குப் பல நாட்களில் எட்டு மணியாகிவிடும். லயத்துக் காம்பிராவின் அளவினை அறியாத அன்பர்க்குக் கூறுகின்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய லயங்களின் வழக்கமான அளவு. சமைப்பதும் படிப்பதும் படுப்பதும் அதற்குள்ளேயே நிகழும். மைதானமோ, உடற்பயிற்சிக் கூடமோ, இரும்புக் குண்டோ அங்கு இல்லை. தண்டாலுக்கு வேண்டுவது ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட தரை மட்டுமே. அந்த அளவு நிலம் எமது காம்பிராவின் இஸ்தோப்பிலும் இருந்தது. வறியவனுக்கும் செல்வனுக்கும் ஒரே விதமாக வாய்க்கக்கூடிய பயிற்சி இதனைப்போல வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இப்பயிற்சியை இன்றைய இளைஞர் 'புஷ் அப்' என்றும் 'டிப்ஸ்' என்றும் வழங்குவர். தண்டால் என்னும் சொல் வடநாட்டு மல்லரது அக்காடாக்களிலிருந்து வந்தது. பஸ்கி என்னும் பெயருடைய உட்கார்ந்தெழும் பயிற்சியும் அங்கிருந்து வந்த அதன் உடன்பிறப்பே. மல்லர் செய்யும் தண்டாலில் இடுப்பு முதலில் மேலெழுந்து நிற்கும். பின்னர் மார்பு தரையைத் தடவுவதுபோல முன்னே வந்து நிமிரும். பாடசாலைகளில் நாம் செய்வதோ உடல் முழுவதும் பலகைபோல நேராக நின்று தாழ்ந்து உயர்வது. பெயர் ஒன்றாயினும் முறை இரண்டு என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். இக்கட்டுரை இரண்டாவது முறையைப் பற்றியது.

தண்டாலின் பெருமைக்குச் சான்றாக விளங்கியோர் பலர். 1878ஆம் ஆண்டு பஞ்சாபிற் பிறந்த காமா என்னும் மல்லர் 1910இல் இலண்டன் சென்று, போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகப் பொருதார். மறுமுறை பொருதற்குரிய நாளில் ஸ்பிஸ்கோ வாராமையாற் காமாவே வெற்றி பெற்றார். அவரது உடல் நாள்தோறும் செய்த தண்டாலாலும் பஸ்கியாலும் உருவாகியது. வங்காளத்து மனோகர் ஐச் என்பார் ஐந்தடி உயரமும் நிரம்பாதவர். ஆங்கிலேயர் ஆட்சியிற் சிறைப்பட்டிருந்த காலத்திற் கருவி எதுவுமின்றித் தம் உடலின் பாரத்தைக்கொண்டே பயிற்சி செய்து, 1952இல் உலக ஆணழகர் போட்டியில் தம் உயரப் பிரிவில் முதலிடம் பெற்றார். 2016இல் மறையும்போது அவருக்கு வயது 104. கல்விக்கூடங்களில் உடற்பயிற்சிக்கு ஓர் இடம் கிடைத்ததற்கு 1920இல் ஹரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி பெரிதும் காரணமாகும். இப்பெரியோரின் வரலாறுகளைக் கேட்கும் இளைஞன் உள்ளத்தில் உடனே எழும் வினா, "அவர் நாளொன்றுக்கு எத்தனை எடுத்தார்?" என்பதே. "எப்படி எடுத்தார்?" என்று வினவுவோரை நாம் காண்பது அரிது. எமது கட்டுரையின் பொருள் முழுவதும் இவ்விரு வினாக்களுக்கும் இடைப்பட்ட வேற்றுமையில் அடங்கும்.

எண்ணிக்கையின் ஆட்சி இன்னதென்பது தோட்டத்திற் பிறந்தார்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு அன்றைய பேர் விழுவது நிறுவையைப் பொறுத்தது. பல தோட்டங்களில் 16 முதல் 20 கிலோ வரை கொழுந்து பறித்தாலன்றி முழுப்பேர் இல்லை, குறைந்தால் அரைப்பேர். அவ்வெண்ணைத் தொடுவதற்காகக் கைகள் விரைகின்றன. கூடையின் கயிறு தலையை அழுத்துகின்றது. கழுத்து முன்னே வளைகின்றது. தோள்கள் முன்புறம் குவிகின்றன. ஆண்கள் கவ்வாத்து வெட்டும்போதும் முள்ளுக் குத்தும்போதும் ஒரே மூட்டு ஒரே திசையில் நாள் முழுதும் அசைகின்றது. மாலையில் மடுவத்துத் தராசு கொழுந்தை நிறுக்கும். தேய்ந்த தோளை நிறுக்கின்ற தராசு எந்த மடுவத்திலும் இல்லை. எமது அன்னையார் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். தமது பிற்காலத்திற் சேலைத் தலைப்பைத் தோளின்மேல் இடுவதற்கும் அவருக்கு இடக்கையின் துணை வேண்டியிருந்தது.

இத்தகைய சூழலில் வளர்ந்த நாம், 1970ஆம் ஆண்டுகளின் நடுவிற் புகைவண்டியேறிக் கல்லூரி விடுதியைச் சேர்ந்தோம். அங்கு உடற்பயிற்சி ஆசிரியராயிருந்தவர் ஒரு வியப்பான மனிதர். அக்காலத்திற் பல பாடசாலைகளிலே தண்டால் என்பது தண்டனையின் மறுபெயராகவே இருந்தது. வீட்டுவேலை செய்யாதவன் இருபது எடுப்பான். பிந்தி வந்தவன் முப்பது எடுப்பான். தண்டனையாகப் பெற்றதை எவனும் செவ்வையாகச் செய்ய விழையான். விரைவில் முடித்துவிடவே விழைவான். அவ்வாறு பழகிய மாணவன் பாடசாலையை விட்டு நீங்கும் நாளிலேயே தண்டாலையும் விட்டு நீங்குகின்றான். எமது ஆசிரியர் தண்டாலை ஒருபோதும் தண்டனையாக விதித்ததில்லை. அவர் எண்ணுவதும் இல்லை. வரிசையாக நிற்கும் எம்மிடையே நடந்து செல்வார். எவனுடைய இடுப்புத் தளர்ந்து கீழே தொய்கின்றதோ அவனது முதுகை ஒரு விரலால் தொட்டு, "போதும் தம்பி, எழும்பு" என்பார். ஆறாவதிலேயே எழுந்தவனும் உண்டு. இருபத்தைந்து வரை சென்றவனும் உண்டு. ஆறில் எழுந்தவனை அவர் இகழ்ந்ததில்லை. "ஆறும் நல்ல ஆறு" என்று கூறி அப்பாற் செல்வார். அவர் விரல் தொட்ட நிலையே எமது அளவு. அடுத்த கிழமை அது ஏழாகவோ எட்டாகவோ உயரும். நாமும் முதல் நாளில் ஐந்திலே எழுந்தோம் என்பதைக் கூறுவதில் எமக்கு நாணமில்லை.

இனி முறையைக் கூறுவோம். முதற்கண் மணிக்கட்டு. உள்ளங்கைகள் தோளின் அகலத்தினும் சற்றுக் கூடிய இடைவெளியில், மார்பின் நேரே தரையிற் படிய வேண்டும். விரல்களை நன்றாக விரித்து, நடுவிரல் முன்னோக்கி நிற்குமாறு வைத்தல் நன்று. பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடியில் விழுமாயின் மணிக்கட்டு நோகும். விரல்களின் நுனியும் தரையைப் பற்றி, பாரத்திற் பங்குகொள்ள வேண்டும். தண்டாலில் மணிக்கட்டு ஏறத்தாழச் செங்கோணமாகப் பின்னே மடிகின்றது. எல்லார்க்கும் அவ்வளவு மடியாது. மடியாதவர் மடித்த துணியின்மேற் கைமுட்டியை ஊன்றி, மணிக்கட்டை நேராக வைத்தே செய்யலாம். அங்ஙனம் செய்தல் வலிமைக் குறைவு அன்று. உள்ள மூட்டின் அளவறிந்து ஒழுகுதலேயாகும்.

அடுத்தது முழங்கையும் தோளும். பெரும்பாலார்க்கு நோவு வருமிடம் இதுவே. முழங்கைகளை உடலுக்குச் செங்கோணமாக இருபுறமும் விரித்துக்கொண்டு தாழ்வதைப் பலரிடத்துங் காண்கின்றோம். தோள்மூட்டின் மேலே ஓர் எலும்புக் கூரை உண்டு. அதன்கீழ் உள்ள ஒடுங்கிய வழியாகவே கையை உயர்த்துந் தசைநாண் ஒன்று செல்கின்றது. கைகள் செங்கோணமாக விரிந்து பாரம் தாங்கும்போது அவ்வழி மேலும் ஒடுங்கி, தசைநாண் நெரிபடுகின்றது. பத்து முறையில் ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் நாள்தோறும் நூறு முறை நெரிபட்டால் அது அழற்சியுறும். ஆகவே முழங்கை உடலோடு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து நோக்குவார்க்கு உடலும் கைகளும் அம்பின் முனைபோலத் தோன்றவேண்டும், சிலுவைபோலத் தோன்றலாகாது. தோள்களைச் செவிகளை நோக்கித் தூக்குதல் கூடாது. தாழும்போது முதுகிலுள்ள தோட்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று அணுகவும், உயரும்போது விலகவும் விடுதல் வேண்டும். அவற்றைப் பூட்டிவைத்தால் அவற்றின் வேலையையும் தோள்மூட்டே செய்ய நேரும். மேலே வந்தபின் முழங்கையைச் சடாரென்று நிமிர்த்திப் பூட்டுவதும் தீது. மெல்ல நிமிர்த்துக.

மூன்றாவது முதுகு. தலையின் பின்புறம் தொட்டுக் குதிகால் வரை ஒரு கோல் கிடத்தினால் அது சாயாது கிடத்தல் வேண்டும். வயிற்றையும் பிட்டத்துத் தசைகளையும் இறுக்கினால் இடுப்புத் தொய்யாது. தொய்ந்த இடுப்பு முள்ளந்தண்டின் அடிப்பகுதியை வருத்தும். எமது ஆசிரியரின் விரல் முதுகிலேயே பட்டதன் காரணம் இதுவாகும். முதலிற் களைத்துப்போவது பெரும்பாலும் கையன்று, இடுப்பைத் தாங்கும் தசைகளே. பார்வை கைகளுக்குச் சற்று முன்னே தரையில் நிற்கட்டும். கழுத்தை நிமிர்த்தி முன்னே நோக்குதலும், நாடியை நீட்டித் தரையைத் தொட்டுவிட்டு ஒன்றென எண்ணுதலும் தம்மைத் தாமே ஏய்த்தலாகும். தாழும்போது மூச்சை உள்ளே இழுத்தும் உயரும்போது வெளியே விட்டும் செய்தல் முறை. இரண்டு எண்ணும் நேரம் தாழ்தல், ஒரு கணம் நிற்றல், இரண்டு எண்ணும் நேரம் உயர்தல் என்பது எமது பழக்கம். மேற்கை தரைக்குச் சமமாக வரும்வரை தாழ்ந்தாற் போதுமானது. தோளில் இடர்ப்பாடு இல்லாதவர் அதனினும் தாழலாம்.

மலைநாட்டார் கருத வேண்டிய ஒன்று குளிர். விழித்தெழுந்தவுடன் பனிக்காலையில் விறைத்த மூட்டுக்களோடு தரையில் விழுந்து தண்டால் எடுத்தல் நன்றன்று. ஐந்து நிமிட நடை, கைகளை வட்டமாகச் சுழற்றுதல், மணிக்கட்டை இருபுறமும் திருப்புதல் ஆகியவற்றால் உடலிற் சூடேறிய பின்னரே தொடங்குக. மூட்டின் இயல்பை அறிந்தார்க்கு இதன் காரணம் விளங்கும். மூட்டினுள் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டிலுள்ள வழுவழுப்பான நீரே அதற்கு உணவு கொண்டுசெல்கின்றது; அந்நீர் குருத்தெலும்பினுள் ஊறுவதற்கு அசைவும் அளவான அழுத்தமும் வேண்டும். எனவே மூட்டைக் காப்பதென்பது அதனை அசையாது வைத்திருத்தல் ஆகாது. அளவறிந்து அசைத்தலே அதற்கு உணவூட்டல். இன்னொன்றும் உண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண்கள் வலுப்பெற மாதங்கள் செல்லும். இளைஞன் தன் தசையின் வலிமை கண்டு எண்ணிக்கையை ஏற்றுகின்றான். அவனது தசைநாணோ இன்னும் பின்தங்கியே நிற்கின்றது. நோவுகள் பல இவ்விடைவெளியிலேதான் பிறக்கின்றன.

அங்ஙனமாயின் வலிமை குறைந்தவர் எங்கே தொடங்குவது? இங்கு ஆராய்ச்சியாளர் எமக்கு உதவியுள்ளனர். 2011இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, தரையில் முறையான தண்டால் எடுப்பவரின் கைகள் அவரது உடல் நிறையில் 64 சதவீதத்தைத் தாங்குகின்றன. முழங்கால்களை ஊன்றிச் செய்தால் 49 சதவீதம். கைகளை ஏறத்தாழ 60 சென்றிமீட்டர் உயரமுள்ள கட்டில் ஊன்றினால் 41 சதவீதம். மாறாகக் கால்களை அதே உயரத்தில் வைத்தால் 74 சதவீதம். அறுபது கிலோ நிறையுள்ளவர் தரையிற் செய்யும்போது ஏறத்தாழ 38 கிலோவையும், கட்டிற் கையூன்றிச் செய்யும்போது 25 கிலோவையும் தாங்குகின்றார் என்பது கணக்கு. சுவரில் ஊன்றி நின்றால் இன்னும் குறையும். ஆகவே சுவர், கட்டு, முழங்கால், தரை என்னும் நான்கு படிகள் எவர் வீட்டிலும் உண்டு. ஒரு படியில் வடிவு குலையாது பன்னிரண்டு எடுத்து, இளைப்பாறி, அதனை மும்முறை செய்ய வல்லவர் அடுத்த படிக்குச் செல்லலாம். கிழமையில் மூன்று நாள் போதும். இடையிலுள்ள நாட்கள் மூட்டுக்கு உரியன. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி கிழமையில் இரண்டு நாளேனும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகின்றது.

எண்ணிக்கையை விரும்புவோர் ஓர் ஆராய்ச்சியை எமக்கு எடுத்துக்காட்டுவர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துத் தீயணைப்பு வீரர் 1104 பேரைப் பத்தாண்டு தொடர்ந்து நோக்கி, 2019இல் வெளியிடப்பட்டது அது. நாற்பதுக்கு மேற்பட்ட தண்டால் எடுக்க வல்லவர்க்கு, பத்தும் எடுக்க இயலாதவரோடு ஒப்பிட, இருதய நோய் நிகழ்ச்சிகள் 96 சதவீதம் குறைவாக இருந்தன என்பது அதன் முடிபு. உண்மையே. ஆயினும் அதனைச் செவ்வையாக வாசித்தல் வேண்டும். அவ்வீரர்கள் தம் விருப்பம்போல விரைந்து எண்ணியவரல்லர். தாளக்கருவி ஒன்றின் ஒலிக்கு இசைய எடுத்தவர்கள். தாளம் தப்பியவர் அங்கேயே நிறுத்தப்பட்டனர். மேலும் அவர்கள் யாவரும் உடலுழைப்புடைய ஆடவர். அம்முடிபை எல்லார்க்கும் அப்படியே பொருத்தல் இயலாது. நாற்பது எடுக்க வல்ல உடல் நல்ல இருதயத்துக்கு ஓர் அறிகுறி என்பதே அதனாற் பெறப்படுவது. அறிகுறியை அடைவதற்காக வடிவைக் குலைத்து நாற்பதைத் தொடுபவன், வெப்பமானியைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டுக் காய்ச்சல் என்பானை ஒப்பான்.

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் நாம் வட்டகொடைக்கு அடிக்கடி சென்று வருகின்றோம். அங்கு கண்ட இருவரைப் பற்றிக் கூறாது விடின் இக்கட்டுரை வெறும் பாடமாகிவிடும். ஒருவன் சீருடைச் சேவையிற் சேர விரும்பிய இளைஞன். தோட்டத்தை விட்டு வெளியேறி மாதச் சம்பளம் பெறுவதற்கு அவன் கண்ட வழி அது ஒன்றே. தாயும் இரண்டு தங்கையரும் அவ்வழியையே நோக்கியிருந்தனர். நாள்தோறும் காலையில் நூறு தண்டால் எடுத்து வந்தான். முழங்கைகள் இருபுறமும் விரிந்திருக்கும், இடுப்புத் தொய்ந்திருக்கும், விரைவோ சொல்லி முடியாது. சில மாதங்களில் வலத்தோள் நோகத் தொடங்கியது. நோவைப் பொறுத்துக்கொண்டு மேலும் எடுத்தான். பின்னர் நீர் நிறைந்த வாளியையும் தூக்க இயலாத நிலை வந்தது. "அண்ணே, தோள் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று எம்மிடம் அவன் கூறியபோது அவன் கண் கலங்கிற்று.

நாம் அவனை முதலில் வைத்தியரிடம் அனுப்பினோம். எலும்புக்கு ஊறில்லை, தசைநாண் அழற்சியே என்று அவர் கூறி, ஆறு கிழமை ஓய்வு விதித்தார். அதன்பின் அவன் சுவரினின்று தொடங்கினான். நூறு எடுத்தவன் சுவரிற் பத்து எடுப்பதற்கு நாணினான். லயத்துப் பிள்ளைகள் கண்டு சிரித்தனர். "சிரிக்கிறவங்களா தம்பி உனக்குத் தோள் தரப் போறாங்க?" என்று கேட்டோம். அவ்வாண்டுத் தெரிவுக்கு அவன் செல்லவில்லை. மறு ஆண்டு செல்லும்போது நோவின்றி முப்பத்தைந்து எடுக்க வல்லவனாயிருந்தான். உடற்றகுதிச் சோதனையிலும் தேறினான். அவன் இழந்தது ஓர் ஆண்டு. இழக்கவிருந்ததோ அதனினும் மிகப் பெரிது.

மற்றவர் எமது சின்னம்மா. கொழுந்து வேலையினின்று ஓய்வு பெற்றவர். நாம் இளைஞர்க்குத் தண்டால் காட்டுவதை இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வினவினார்: "ஏன் தம்பி, காலம் முழுக்க மலை ஏறி எறங்கி ஒழைச்ச எங்களுக்கு இது எதுக்கு? ஒழைக்காதவங்களுக்குத்தானே இதெல்லாம்?" மலைநாட்டில் இவ்வினாவைக் கேளாத நாளில்லை. இதனை எளிதாகத் தள்ளுதலும் நேர்மையன்று. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரைப் பார்த்து உடற்பயிற்சி செய்யுமாறு உபதேசித்தல் பசித்தவனுக்கு விரதம் கூறுவதுபோல ஒலிக்கும். ஆயினும் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. உழைப்பில் உடல் எப்பொழுது நிற்கவேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்கின்றனர். பயிற்சியில் நாமே தீர்மானிக்கின்றோம். உழைப்பு ஒரு மூட்டை ஒரு திசையிலேயே இழுக்கின்றது. பயிற்சியோ அது மறந்துபோன திசைகளிலும் அதனைச் செலுத்துகின்றது. கூடை சுமந்து முன்னே குவிந்த தோளுக்கு மேலும் கூடை சுமத்தல் மருந்தாகாது.

இதனைச் சின்னம்மாவுக்கு எமக்கியன்ற எளிய சொற்களிற் கூறினோம். அவர் ஒத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சில நாட் கழித்துக் காலையிற் சென்றபோது, காம்பிராச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் நிறுத்தி, "எட்டு" என்றார். வைத்தியசாலையிற் காட்டிக்கொடுத்த வேறு பயிற்சிகளையும் சேர்த்துச் செய்து வருகின்றார். அவரது நோவு முற்றாக நீங்கிற்று என்று கூறினால் அது பொய்யாகும். ஆனால் இப்போது மேற்றட்டிலிருக்கும் சீனிப் போத்தலைத் தாமே எடுக்கின்றார். எமது அன்னையார்க்கு இதனைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை. சின்னம்மாவின் கை அத்தட்டுவரை உயர்வதைக் காணும்போதெல்லாம் அந்நினைவு எமக்கு வருவதுண்டு.

முடிக்கு முன் நோவைப் பற்றிச் சில கூறுதல் கடமை. தசையிற் பரவலாக உண்டாகி, இரண்டொரு நாளில் தானே நீங்கும் நோவு பயிற்சியின் இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டா. மூட்டில் ஓரிடத்திற் குத்துவது போன்ற நோவு, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் நோவு, வீக்கம், விரல் மரத்தல் ஆகியன வேறு வகை. இவை தோன்றின் நிறுத்தி வைத்தியரை நாடுக. நெஞ்சு நோவு தோன்றினால் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது. இருதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உடையவர் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் முறை. மேலும் தண்டால் ஒன்றையே செய்பவர்க்கு மார்பின் தசைகள் மட்டும் வலுத்து, முதுகுத் தசைகள் பின்தங்கும். தோள் முன்னே குவியும். ஆதலின் தள்ளுகின்ற அளவுக்கு இழுத்தலும் வேண்டும். கம்பியையோ உறுதியான கொய்யாக் கிளையையோ பற்றி உடலை இழுத்தல் தண்டாலுக்குத் தக்க துணையாகும். அதற்கு வலிமை இல்லாதவர் தரையிற் காலூன்றி, தாழ்ந்த கம்பியைப் பற்றிச் சாய்ந்து இழுக்கலாம்.

இளம் மாணவர்காள்! நீவிர் எண்களால் அளக்கப்படும் காலத்தில் வாழ்கின்றீர். புள்ளி, வரிசை, வெட்டுப்புள்ளி என்பன உம்மைத் துரத்துகின்றன. உடற்பயிற்சியிலேனும் அத்துரத்தல் வேண்டா. ஆறு செவ்வையாக எடுத்தபின் ஏழாவதில் முதுகு தொய்யுமாயின் அன்றைக்கு ஆறே உமது அளவு என்று எழுந்திருங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: தண்டாலைத் தண்டனையாக விதியாதீர்கள். மாணவன் அறுபது வயதிலும் விரும்பிச் செய்யக்கூடிய ஒன்றைப் பதினான்கு வயதிலேயே அவனுக்குக் கசப்பாக்கிவிடுதல் தகாது. எம்மொத்த பழைய மாணவ நண்பர்க்கோ ஒன்றே கூறுவோம்: தரை தொலைவாகத் தோன்றினாற் சுவர் அருகிலுண்டு.

எம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளையும் ஏற்று, உணவும் அறிவும் ஊட்டி, உடலைப் பேணும் நெறியையும் காட்டிய கல்லூரித் தாய்க்கு இவ்விழா நாளில் எமது வணக்கம் உரியது. அவள் இன்னும் பல விழாக்கள் கண்டு வாழ்க! அவள் மக்கள் நிமிர்ந்த முதுகும் நோவற்ற தோளும் உடையராய் அவ்விழாக்களுக்கு வருக!